முள் சொல்வதை நம்பலாமா?

சமையல் எரிவாயு சிலிண்டரின் தலையில் கடிகாரம் போல ஒரு வட்டமும் முள்ளும் வைத்துவிட்டால் என்ன? டில்லியிலிருந்து திண்டுக்கல் வரை, விருந்தாளி வந்திருக்கும் நேரம் பார்த்து அடுப்பு அணைந்துபோன எல்லா வீடுகளிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். சிலிண்டரைச் சாய்த்துப் பார்ப்பது, குலுக்கிப் பார்ப்பது, ஈரத் துணியால் துடைத்துவிட்டு எந்த மட்டம் வரை சீக்கிரம் காய்கிறது என்று கவனிப்பது என ஆளுக்கொரு வித்தை வைத்திருக்கிறோம். ராக்கெட் விடுகிற நாட்டில் ஒரு முள் வைக்க முடியாதா என்ற அங்கலாய்ப்பு நியாயமாகத்தான் தோன்றும்.

வைக்க முடியும். ஆனால் பயன் இருக்காது. சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். புரொபேனும் பியூட்டேனும் கலந்த அந்தத் திரவம் தனக்கு மேலே உள்ள காலியிடத்தில் ஆவியாகப் பரவும். ஆவியின் அழுத்தம் ஒரு அளவை எட்டியதும் மேற்கொண்டு ஏறாது. அடுப்பைத் திறந்து நாம் கொஞ்சம் ஆவியை எடுத்தால், அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் திரவம் ஆவியாகிவிடும். ஆக, 14.2 கிலோவும் அப்படியே இருந்தாலும் சரி, ஒரு கிலோதான் மிஞ்சியிருக்கிறது என்றாலும் சரி, உள்ளே அழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். அதை ஏற்றி இறக்குவது வெயிலும் குளிரும். மே மாத நாக்பூரில் முள் உயர்ந்து நிற்கும். ஜனவரி மாத சிம்லாவில் தாழ்ந்து நிற்கும். திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் முள் விழ ஆரம்பிக்கும். அதற்குள் அடுப்பே விஷயத்தைச் சொல்லிவிடும்.

ஆக்சிஜன் சிலிண்டரின் கதை வேறு. அதில் இருப்பது அழுத்தி அடைத்த வாயு மட்டுமே, திரவம் கிடையாது. ஆஸ்பத்திரிகளில் பார்க்கும் ஆளுயரச் சிலிண்டரில் நிரப்பும்போது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் இருக்கும். பாதி தீர்ந்தால் முள்ளும் பாதியில் வந்து நிற்கும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவின் இரண்டாவது அலையில், அதுவரை இந்த முள்ளை ஏறிட்டும் பார்த்திராத குடும்பங்கள் ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நிரம்பிய பெரிய சிலிண்டரிலிருந்து சுமார் 7,000 லிட்டர் ஆக்சிஜன் கிடைக்கும். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறதென்றால் பதினொரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்கும். முள் 75க்கு வந்துவிட்டால் கையில் இருப்பது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. அடுத்த சிலிண்டரைத் தேடி எப்போது கிளம்புவது என்பதை அந்த முள்தான் சொன்னது.

ஒரே மாதிரி முள். ஒரு சிலிண்டரில் அது மிச்சத்தைச் சொல்கிறது, இன்னொன்றில் சொல்வதில்லை. அலுவலகத் தாழ்வாரங்களில் மாட்டியிருக்கும் தீயணைப்பு உருளைகளிலும் இதே பாகுபாட்டைக் காணலாம். பவுடர் அடைத்த உருளையில் பச்சை, சிவப்புப் பட்டையோடு முள் இருக்கும். கரியமில வாயு உருளையில் முள்ளே இருக்காது. உள்ளே அந்த வாயு திரவமாக இருப்பதால் எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். முள் இல்லாத உருளையைப் பார்த்து யாரோ திருடிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தொழில்நுட்பக் கையேடுகளைத் தமிழாக்கிப் பிழைக்கும் எனக்கு இந்தக் கருவிகள் மேல் ஒரு சகதொழிலாளிக்குரிய பரிவு உண்டு. அழுத்தத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அது உயரமாகவோ, வளைவாகவோ, மின்சாரமாகவோ மாறினால்தான் நமக்குத் தெரியும். அழுத்தமானி என்று நாம் சொல்லும் கருவிகளில் அநேகமாக எல்லாமே இப்படி மொழிபெயர்க்கும் கருவிகள்தான். மூலத்தில் என்ன இருந்தது என்பதை அவற்றின் வாயால்தான் கேட்கிறோம். எந்த மொழியில் மாற்றுகின்றன, அதில் எது விட்டுப்போகும் என்று தெரிந்திருப்பது நல்லது.

ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளுக்குப் பின்னால் இருப்பது போர்டான் குழாய். பாரிஸ் நகரத்து யூஜின் போர்டான் 1849ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். திருவிழாக் கடைகளில் காகித ஊதல் விற்பார்கள். ஊதினால் சுருண்டிருக்கும் காகிதக் குழாய் விறைத்து நீண்டு எதிரில் இருப்பவர் மூக்கைத் தொடும். போர்டான் குழாயும் அதே ஜாதி. தட்டையாக அமுக்கிய உலோகக் குழாயை அரைவட்டத்துக்கு மேல் வளைத்து, ஒரு முனையை அடைத்துவிட வேண்டும். மறுமுனை வழியாக அழுத்தம் நுழைந்தால் குழாய் நிமிரப் பார்க்கும். அந்த அசைவு சில மில்லிமீட்டர்தான். பல் சக்கரம் வைத்து அதைப் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றுகிறார்கள். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். கொதிகலன், கம்ப்ரஸர், வெல்டிங் பட்டறை என்று 170 ஆண்டுகளுக்கு மேலாக இது நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் உலோகமும் களைத்துப்போகும். ஓயாத அதிர்வில் பல் சக்கரம் தேயும். அடித்த அதிர்ச்சியில் குழாய் கொஞ்சம் நிரந்தரமாக நிமிர்ந்துவிட்டால், காற்றே இல்லாதபோதும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் 3லோ 4லோ நிற்கும். பஞ்சர் கடையில் அப்படிப்பட்ட முள்ளைப் பார்த்தால் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

பூஜ்யம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டயர் கடையின் முள் காட்டும் பூஜ்யம் உண்மையில் பூஜ்யமல்ல. நம்மைச் சூழ்ந்த காற்று சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு அழுத்திக்கொண்டிருக்கிறது. பஞ்சரான டயருக்குள்ளும் அதே அழுத்தம் உண்டு. வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதைத்தான் முள் காட்டுகிறது. டாக்டர் சொல்லும் 120ம் அப்படித்தான். டில்லியில் 30 காட்டிய டயரை அப்படியே லேக்குக் கொண்டுபோய், வெப்பநிலையும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், முள் 35ஐ ஒட்டி நிற்கும். டயரில் எதுவும் சேரவில்லை, வெளிக்காற்றுதான் மெலிந்துவிட்டது. கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட் மலையேறும்போது உப்புவதும் இதே கணக்கு. காற்றே இல்லாத வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கும் கருவிகள் வேறு. வானிலைக்காரர்களுக்கும் விமானிகளுக்கும் அவைதான் வேண்டும்.

முதல் மொழிபெயர்ப்பு பாதரசத்தில் நடந்தது. இத்தாலியின் டாரிசெல்லி 1640களில் ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிறுத்தி, காற்றின் அழுத்தத்தைச் சுமார் 760 மில்லிமீட்டர் உயரமாக மாற்றிக் காட்டினார். தண்ணீரில் செய்திருந்தால் பத்து மீட்டருக்கு மேல் உயரமான குழாய் வேண்டியிருக்கும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால் விஷயம் மேஜை மேல் முடிந்தது. டுரின் நகரத்து டாக்டர் ரிவா-ரோச்சி 1896ல் கையில் கட்டும் பட்டையோடு பாதரசக் குழாயை இணைத்தார். ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ் 1905ல் ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். ஒரு நூற்றாண்டு காலம் ரத்த அழுத்தம் அப்படித்தான் அளக்கப்பட்டது. பாதரசத் தம்பத்தில் தேய்வதற்குப் பாகம் ஏதுமில்லை. மூத்த டாக்டர்கள் இன்னும் அதன்மேல் பாசம் வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் பாதரசம் விஷம். 2013ல் உருவான மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியா 2018ல் முறைப்படி இணைந்தது. பாதரச ரத்த அழுத்தமானிகளின் உற்பத்திக்கும் வர்த்தகத்துக்கும் அந்த ஒப்பந்தம் 2020ஐக் கெடுவாக வைத்தது. தேவைப்பட்ட நாடுகள் ஐந்தாண்டு அவகாசம் கேட்கவும் இடம் கொடுத்தது. பாதரசம் விடைபெற்றாலும் அதன் அலகு போகவில்லை. ஒரு சொட்டுப் பாதரசம்கூட இல்லாத கருவியும் மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில்தான் பதில் சொல்கிறது. ஊரில் ஏரி தூர்ந்துபோன பிறகும் ஏரிக்கரைத் தெரு என்று சொல்வதில்லையா, அதுபோல.

மொழிபெயர்க்காமல் மூலத்தையே பேசும் கருவி ஒன்று உண்டு. அது உங்கள் சமையலறையில் இருக்கிறது. குக்கரின் வெயிட். ஒரு துளை, அதன் மேல் ஒரு கனம். துளையின் பரப்பில் நீராவி தரும் விசை அந்தக் கனத்தைத் தூக்குமளவுக்கு வந்தால் விசில். அழுத்தம் என்றால் பரப்பின் மேல் விழும் விசை என்று பாடப்புத்தகம் சொல்வதை அப்படியே செய்து காட்டுகிறது. வழக்கமான குக்கரில் அது வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவு அதிகம். தண்ணீர் 120 டிகிரி வாக்கில் கொதிக்கிறது. டில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் நாட்டுக்கே பொதுவான அழுத்த அளவுகோலைப் பராமரிக்கிறார்கள். அங்கே பயன்படும் பிஸ்டன் அளவியும் அடிப்படையில் இதே தத்துவம்தான்: பரப்பு துல்லியமாகத் தெரிந்த ஒரு பிஸ்டன், அதன் மேல் துல்லியமாகத் தெரிந்த எடைகள். மற்ற அழுத்தமானிகள் தங்களைச் சரிபார்த்துக்கொள்ள கடைசியில் இங்கேதான் வர வேண்டும். குக்கர் வெயிட் தொலைந்தால் வேறு கம்பெனி வெயிட்டைப் போடாதீர்கள் என்று சொல்வதன் காரணமும் இதில் இருக்கிறது. கனம் மாறினால் அழுத்தமும் மாறும்.

இப்போது புழக்கத்தில் எண்ணிக்கையில் மிக அதிகமாக இருப்பவை கண்ணுக்கே தெரியாதவை. காரின் எஞ்சினில், டயருக்குள், கைப்பேசியில், வீட்டு ரத்த அழுத்தக் கருவியில் என்று எங்கும் சிலிக்கான் சில்லு வடிவில் சென்சார் எனப்படும் உணர்கருவி குடியிருக்கிறது. ஒரு கம்பியை இழுத்தால் அது நீண்டு மெலிகிறது, அதன் மின்தடை கூடுகிறது என்பதை லார்ட் கெல்வின் 1856லேயே காட்டியிருந்தார். மெல்லிய உலோகத் தகட்டின் மேல் இப்படிப்பட்ட இழைகளை ஒட்டி, தகடு அழுத்தத்தால் வளைவதை மின்தடையாக மாற்றும் கருவிகள் தொழிற்சாலைகளில் வந்தன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் ஸ்மித் 1954ல் கண்டுபிடித்தது இதைப் பல மடங்கு முன்னே தள்ளியது. சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் அழுத்தினால், உலோகத்தில் வருவதைவிடப் பல பத்து மடங்கு அதிகமாக மின்தடை மாறுகிறது. பிறகென்ன, சிலிக்கான் துண்டின் நடுவை அரித்து மயிரிழையைவிட மெல்லிய சவ்வாக்கி, அதிலேயே நான்கு மின்தடைகளைப் பதித்தார்கள். சவ்வு ஒரு பக்கம் குழிந்தால் இரண்டின் தடை ஏறும், இரண்டின் தடை இறங்கும். வெயில் பட்டால் நான்கும் சேர்ந்து மாறும் என்பதால் அந்த மாற்றத்தைப் பெரும்பாலும் கழித்துவிடலாம். முழுக்கக் கழிக்க முடிவதில்லை. வெப்பநிலைதான் இந்த ஜாதிக் கருவிகளின் சனி.

இதற்கு ஒரு பங்காளி உண்டு. சவ்வையும் எதிரே ஒரு தகட்டையும் வைத்து, இடையே உள்ள இடைவெளி குறைவதை மின்தேக்கியின் அளவு மாறுவதாகப் படிப்பது. மின்சாரம் குறைவாகத் தின்னும், மிகச் சிறிய அழுத்தங்களுக்கு நல்லது. அதற்கு மேல் அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

வீட்டு ரத்த அழுத்தக் கருவியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று எத்தனையோ வீடுகளில் காலைக் காபிக்கு முன்னால் அதுதான். அதில் ஸ்டெதாஸ்கோப் கிடையாது. கொரோட்கோவின் சத்தத்தை அது கேட்பதில்லை. பட்டையில் காற்றை நிரப்பி மெல்ல இறக்கும்போது, நாடித் துடிப்பால் பட்டைக்குள் எழும் சின்னச் சின்ன அலைகளைச் சிலிக்கான் சவ்வு கவனிக்கிறது. அலை எங்கே மிகப் பெரிதாக இருக்கிறதோ அது ரத்தக் குழாயின் சராசரி அழுத்தத்தை ஒட்டியது. மேல் எண்ணும் கீழ் எண்ணும் அந்த அலைகளின் வடிவத்திலிருந்து ஒரு சூத்திரம் போட்டுக் கணக்கிடப்படுபவை. அந்தச் சூத்திரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளியே சொல்லவும் மாட்டார்கள். ஆக இங்கே நடப்பது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. ரஷ்ய நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருவது போல. நல்ல கைகளில் அது நன்றாகவே வரும். ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு அலைகளின் வரிசை குலைந்து கணக்கு தடுமாறலாம். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் கூடுதலாகவே வரும். கையைத் தொங்கவிட்டு அளந்தால், இதய மட்டத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் ஏழெட்டு மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். கைக்குள் இருக்கும் ரத்தமும் ஒரு தம்பம்தானே. ஒரு மாத்திரையா, இரண்டு மாத்திரையா என்ற முடிவை மாற்ற அந்தப் பதினைந்து எண் போதும்.

அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரை அழுத்தினால் டப்பென்று பொறி பறக்கிறது. உள்ளே பீங்கான் போன்ற ஒரு துண்டை ஒரு சுத்தி அடிக்கிறது. அடி வாங்கிய துண்டு சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தைத் தருகிறது. சில படிகங்களுக்கு இந்தக் குணம் உண்டென்று க்யூரி சகோதரர்கள் 1880ல் கண்டார்கள். வெடிப்பு, எஞ்சினுக்குள் நடக்கும் எரிப்பு போன்ற திடீர் அழுத்தங்களை அளக்க இது பொருத்தம். நிலையாக நிற்கும் அழுத்தத்துக்கு உதவாது. பிறந்த மின்னூட்டம் கசிந்துபோய்விடும். அதற்குக் குவார்ட்ஸ் படிகத்தை வேறு விதமாக வேலை வாங்குகிறார்கள். கைக்கடிகாரத்தில் போல அதை அதிரவிட்டு, அழுத்தம் ஏறும்போது அதிர்வு எண் எவ்வளவு மாறுகிறது என்று எண்ணுகிறார்கள்.

இந்த வித்தையின் மேல் இன்று நமது கடற்கரைகளின் உயிர் தங்கியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி, நடுக்கடலில் செயற்கைக்கோள் பார்த்தபோது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரம்தான் இருந்தது. கப்பலில் போகிறவருக்குத் தெரியாது. ஆனால் அந்த அலையின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். கடலடி வரை முழுத் தண்ணீரும் அதில் பங்கெடுக்கிறது. மேல்பரப்பில் காற்று கிளப்பும் அலைகள் அவ்வளவு ஆழத்துக்கு எட்டுவதில்லை. எனவே கடலின் அடியில் ஒரு அழுத்தமானியை வைத்தால், மேலே கொந்தளிப்பது எதுவும் காதில் விழாமல், சுனாமி மட்டும் கேட்கும். ஹைதராபாத்தில் 2007ல் தொடங்கிய சுனாமி முன்னெச்சரிக்கை மையத்துக்காக வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் இப்படிப்பட்ட கருவிகள் இறக்கப்பட்டன. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இந்த வேலையைச் செய்தது. 3,000 மீட்டர் ஆழத்தில் 300 மடங்கு காற்றழுத்தத்தின் கீழ் உட்கார்ந்துகொண்டு, ஒரு சென்டிமீட்டர் உயர்வைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று லட்சத்தில் ஒரு பங்கு. கடலடியிலிருந்து ஒலி அலையாக மிதவைக்கு, மிதவையிலிருந்து செயற்கைக்கோளுக்கு, அங்கிருந்து ஹைதராபாத்துக்குச் செய்தி போகிறது. நிலநடுக்கம் வந்த பிறகு, சுனாமி உண்மையிலேயே கிளம்பிவிட்டதா என்று இந்தக் கருவி சொன்னால்தான் கடற்கரைக் கிராமங்களை வீணாக விரட்டாமலும் இருக்கலாம், விரட்ட வேண்டிய நேரத்தில் தயங்காமலும் இருக்கலாம். எந்திரக் கோளாறு மட்டுமின்றி, மிதவைகளில் படகைக் கட்டுவது, பாகங்களைக் கழற்றிப் போவது போன்ற தொல்லைகளும் இந்த ஏற்பாட்டுக்கு உண்டு.

கருவி சரியாக இருந்தும் கெட்டுப்போகும் விதங்கள் இப்படிப் பல. 1996 அக்டோபர் 2 அன்று பெரு நாட்டின் லிமாவிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்குக் கிளம்பிய ஏரோபெரு விமானத்தைக் கழுவித் துடைத்தவர்கள், வெளிக்காற்றின் அழுத்தத்தை உணரும் துளைகளைத் தண்ணீர் புகாமல் இருக்க ஒட்டு டேப்பால் மூடினார்கள். வேலை முடிந்ததும் டேப்பை எடுக்கவில்லை. விமானம் இரவில் கடலுக்கு மேலே பறந்தது. உயரம், வேகம் எல்லாம் அந்தத் துளை வழியாக வரும் அழுத்தத்திலிருந்து கணக்கிடப்படுபவை. எல்லாம் குழம்பின. விமானிகள் தரைக்கட்டுப்பாட்டு மையத்திடம் உயரம் கேட்டார்கள். அவர்களும் சொன்னார்கள். ஆனால் தரையில் தெரிந்த எண், அதே விமானம் தன் கருவியில் படித்து அனுப்பிய எண்தான். 9,000 அடிக்கு மேல் இருப்பதாக நம்பியவர்கள் கடல்மட்டத்தில் மோதினார்கள். 70 பேரும் இறந்தார்கள். இரண்டாவது சாட்சி என்று நினைத்தது முதல் சாட்சியின் எதிரொலி.

போபாலில் நடந்தது வேறு வகை. அங்கே முள் சரியாகவே சொன்னது. 1984 டிசம்பர் 2 இரவு 10.20க்கு யூனியன் கார்பைடு ஆலையின் 610ம் எண் தொட்டியில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு என்று பதிவாகியிருக்கிறது. 10.45க்கு ஷிப்டு மாறியது. 11 மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் பார்த்தபோது 10. தொட்டி 2லிருந்து 25 வரை எங்கே இருந்தாலும் வழக்கம்தான் என்பதால் 10 யாரையும் எழுப்பவில்லை. நாற்பது நிமிடத்தில் ஐந்து மடங்காகியிருக்கிறது என்பது முந்தைய எண்ணையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். அந்த ஆலையில் கருவிகள் பழுதாகக் கிடப்பதும் தப்பாகக் காட்டுவதும் சகஜம் என்று ஊழியர்கள் பிறகு சொன்னார்கள். முள் ஏறினால் முள்ளைச் சந்தேகிக்கும் பழக்கம் வந்திருந்தது. தொட்டியைக் குளிர்விக்கும் ஏற்பாட்டை அந்த ஆண்டின் நடுவிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். நள்ளிரவைத் தாண்டியதும் அழுத்தம் 30ஐக் கடந்தது, பிறகு 55ல் போய் நின்றது. அந்த வட்டத்தில் அதற்கு மேல் எண் இல்லை. தொட்டியின் மேல் போட்டிருந்த கான்கிரீட் வெடிக்கும் சத்தம் கேட்டது. பாதுகாப்பு வால்வு திறந்து, ஏறத்தாழ 40 டன் மீதைல் ஐசோசயனேட் புகைபோக்கி வழியாகத் தூங்கிக்கொண்டிருந்த ஊரின் மேல் இறங்கியது. அரசு முதலில் சொன்ன சாவுக் கணக்கு 2,259. பிறகு அது பல ஆயிரமாயிற்று.

இன்று ஆபத்தான ஆலைகளில் ஒரே தொட்டிக்கு மூன்று உணர்கருவிகளைத் தனித்தனித் துளைகளில் வைக்கிறார்கள். மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால் ஆள் முடிவுக்குக் காத்திராமல் எந்திரமே வால்வை மூடும். முடிந்தால் மூன்றையும் ஒரே வகையாக வாங்காமல், வெவ்வேறு தத்துவத்தில் வேலை செய்பவையாக வாங்குகிறார்கள். எண் எவ்வளவு என்பதோடு, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கும் மணி அடிக்க ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு முள்ளின் பக்கத்திலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் அடுத்த தேதியும் எழுதிய சின்னச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலோ பரிசோதனைக் கூடத்திலோ உங்கள் கையில் பட்டையைச் சுற்றும்போது அந்தச் சீட்டைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

வீட்டுக் கருவிக்குச் சீட்டு ஒட்ட யாரும் வரப்போவதில்லை. அளப்பதற்கு அரை மணி முன்பு காபி, டீ, சிகரெட் வேண்டாம். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேஜை மேல் இதய மட்டத்தில் வையுங்கள். கையின் சுற்றளவுக்கு ஏற்ற பட்டைதானா என்று ஒரு தடவை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, இரண்டையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது நோட்டோடு கருவியையும் எடுத்துப்போய், அவருடைய கருவி காட்டுவதும் உங்களுடையது காட்டுவதும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அங்கேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.